பெருவிரலை மடக்கி அளந்தவன்

1

போன மாதம் எங்கள் ஃபெரைனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜெர்மனியில் ஏழு பேர் ஒரே விஷயத்தை விரும்பினால் சும்மா விரும்பிக்கொண்டிருக்க மாட்டார்கள். சங்கம் அமைத்து, தலைவர், காரியதரிசி, பொருளாளர் என்று பதவிகளைப் பிரித்து, யாப்பு என்று சங்க விதிகளை எழுதி, பதிவு செய்துவிடுவார்கள். அதற்குப் பெயர் ஃபெரைன். முயல் வளர்ப்பவர்களுக்கு ஒன்று, சேர்ந்து பாடுபவர்களுக்கு ஒன்று, சிறு தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கொலோனில் இருபது வருடத்துக்கு மேல் குடியிருக்கும் எனக்கு இரண்டு ஃபெரைன்களில் அங்கத்துவம் உண்டு. ஒன்று தமிழ்ச் சங்கம். மற்றது அமெரிக்கக் கால்பந்துக் கழகம். இரண்டாவதைப் பற்றி ஊருக்கு நான் இதுவரை எழுதவில்லை. தொலைபேசியில் சொன்ன போதெல்லாம் என் தம்பி "ஓ, அப்பிடியோ" என்று சொல்லிவிட்டு, அங்கே குளிரா என்று கேட்பான்.

கழகம் தொடங்கி இருபத்தைந்து வருடம் ஆகிறதாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். எங்கள் பெண்கள் அணியின் பயிற்சியாளராக இருந்த யூர்கன் எழுதியிருந்தார்: "ஒரே காலத்தில் நம்மிடம் இரண்டு பெரிய ஓட்டக்காரிகள் இருந்தார்கள். இப்படி ஒரு அதிர்ஷ்டம் இனி வராது. இருவரையும் ஒப்பிட்டு அரைப் பக்கம் எழுதித் தாருங்கள். கணக்குப் புத்தகங்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. உங்களைவிட நடுநிலையானவர் எங்களுக்குத் தெரியாது."

அந்த இருவரில் ஒருத்தி என் மகள். யூர்கனுக்கு இது தெரியாமலில்லை. எழுதும்போது அவருக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை, அவ்வளவுதான்.

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நடுநிலை என்ற சொல்லில் இரண்டு முறையும் தடுக்கி விழுந்தேன். ஏனென்றால் என் கணக்கு பிழை. தெரியாமல் விட்ட பிழை அல்ல. அந்தப் பிழையால்தான் என் மகள் விளையாட்டை விட்டாள், வீட்டையும் விட்டாள். இந்த உண்மை அன்றுவரை என் ஒருவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

2

இந்த விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கால்பந்து என்று பெயர், ஆனால் காலுக்குப் பெரிய வேலையில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரணி விழுத்தும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி ஓட வேண்டும். நாலு தடவைக்குள் பத்து யார் தூரம் போனால் மேலும் நாலு தடவை கிடைக்கும். போகாவிட்டால் பந்து எதிரணிக்கு. பந்தை வாங்கிக்கொண்டு ஆட்களின் சுவருக்குள் ஓடும் வேலைக்கென்று அணியில் ஒருவர் இருப்பார். ரன்னிங் பேக் என்பார்கள். நான் ஓட்டக்காரி என்றே எழுதுகிறேன்.

எல்லாம் யார் என்ற அளவில்தான். மீற்றர் கணக்கில் பிறந்து மீற்றர் கணக்கில் சாகும் ஜெர்மன்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. நான் முதல்முறை அந்த மைதானத்தைக் கடந்து போனது ஒரு சனிக்கிழமை. பக்கத்திலிருந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை முடித்து வந்துகொண்டிருந்தேன். புதிதாகக் கோடு கீறியிருந்தார்கள். நின்று பார்த்தேன். கோடுகளுக்கிடையே தூரம் குறைவாக இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அதைச் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு நாடா கொண்டுவந்து அளந்தார்கள். பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள்.

ஜெர்மனிக்கு வரமுன் யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடையில் ஏழு வருடம் துணி அளந்தவன் நான். மூக்கு நுனியிலிருந்து நீட்டிய கையின் பெருவிரல் நுனி வரை ஒரு யார். கடையில் பித்தளைப் பூண் போட்ட அளவுகோல் இருந்தாலும் அவசரத்துக்குக் கைதான். அந்தப் பழக்கத்தில் என் கண்ணுக்குள் ஒரு யார் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. இந்த நாட்டில் வேறு எதற்கும் பயன்படாத அந்த அறிவுக்காக எனக்கு உடனே ஒரு விண்ணப்பப் படிவம் தந்தார்கள். அடுத்த மாதம் எல்லைக்கோட்டில் அளவுச் சங்கிலி பிடித்தேன். அடுத்த வருடம் நாற்காலியும் மேசையும் பென்சிலும் தந்து, யார் எத்தனை யார் ஓடினார்கள் என்று எழுதும் பொறுப்பைத் தந்தார்கள்.

கடைசி வசனத்தைத் தமிழில் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. டார்ம்ஸ்டாட்டில் வேலை செய்யும் மதுரைப் பொறியியலாளர் ஒருவர் ஒருமுறை ஆட்டம் பார்க்க வந்தார். "இண்டைக்கு எங்கட பிள்ளை எண்பது யார்" என்றேன். "யாரு சார்?" என்றார். "எண்பது யார்" என்றேன். "எண்பது பேரா? டீம்ல பதினொரு பேர்தானே சார் இருக்காங்க?" கொஞ்ச நேரம் இப்படியே போனது. கடைசியில் "ஓ, கெஜமா" என்றார். "வீ ஆல்வேஸ் சே கெஜம்" என்று எனக்கு ஆறுதலும் சொன்னார்.

3

மகள் சிந்துஜாவை முதலில் நான் மைதானத்துக்குக் கூட்டிப்போனது சங்கிலியின் மற்ற முனையைப் பிடிக்க வேண்டியவர் வரவில்லை என்பதால்தான். அவளுக்கு அப்போது பதினேழு. ஒரு பக்கம் நின்று பார்த்தவள் அடுத்த கிழமை தானே பயிற்சிக்குப் போய்விட்டாள். எங்களிடம் சொன்னது மூன்றாவது கிழமை. சொன்ன விதம், கையொப்பத்துக்குப் படிவத்தை நீட்டியதுதான்.

மனைவிக்கு விருப்பமில்லை. பத்து வருடம் பரதம் படித்த பிள்ளை. "பல்லு உடைஞ்சால் ஆர் பொறுப்பு?" என்று கேட்டாள். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் அதற்கு விடை இருந்தது. பல்லுக்குத் தனிப் பந்தி.

பரதம் படித்ததால்தான் அவளுக்கு அந்தக் கால் வந்தது என்று நடன ஆசிரியை சங்கத்தில் சொல்லித் திரிந்தார். யூர்கன் சொன்னது நேர்மாறு. கை போகிற பக்கம் கண் போக வேண்டும் என்று வகுப்பில் பழக்கியிருந்தார்கள். இந்த விளையாட்டில் ஓடப் போகிற பக்கம் கண் போனால் எதிரணி முன்கூட்டியே போய்க் காத்திருக்கும். அந்தப் பழக்கத்தை மறக்கச் செய்ய அவருக்கு ஒரு முழுக் குளிர்காலம் தேவைப்பட்டது.

அவள் சட்டையின் முதுகில் என் தகப்பனாரின் பெயர். அகதியாகப் பதிந்தபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எனக்குக் குடும்பம் இருந்தது, அதற்குப் பெயர் இருக்கவில்லை. அப்பாவின் பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து நான், மனைவி, பிள்ளை எல்லோரும் சின்னத்தம்பி. ஆங்கில எழுத்தில் அது ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை போனது. மகள் ஓடும்போது இருநூறு ஜெர்மன்காரர் எழுந்து நின்று "சினாட்டாம்பி, சினாட்டாம்பி" என்று கத்துவார்கள். அப்பா தன் வாழ்நாளில் பஸ்ஸுக்குக்கூட ஓடியவரல்ல. அந்தப் பஸ் போனால் அடுத்தது வரும் என்ற கொள்கையுடையவர்.

4

மற்றவள் ஸ்டெஃபி. வடக்கே கடற்கரைப் பக்கம் பெற்றோர். கொலோனுக்குத் தரைக்கு ஓடு பதிக்கும் தொழில் பழக வந்தவள், ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். என் மகளைவிட ஒரு வயது கூட, ஒரு தலை உயரம், ஒன்றரை மடங்கு அகலம். நாள் முழுவதும் சீமெந்துப் பை தூக்கிவிட்டுப் பயிற்சிக்கு வருவாள்.

யூர்கன் கேட்ட ஒப்பீடு இதுதான். ஸ்டெஃபி பந்தை வாங்கினால் நாலு யார். முன்னால் ஒருத்தி நின்றாலும் நாலு, மூன்று பேர் நின்றாலும் நாலு. சுவர் இருக்கிறதா என்று பார்க்கவே மாட்டாள், அவள் போன பிறகு சுவர் இருக்காது. சிந்துஜா பந்தை வாங்கினால் என்ன நடக்கும் என்று அவளுக்கே தெரியாது. சில நேரம் ஒன்றுமில்லை. சில நேரம் பின்னுக்கு இரண்டு. பிறகு திடீரென்று ஆட்களுக்கிடையில் ஒரு கதவு திறக்கும். அதை அவள் ஒருத்திதான் கண்டிருப்பாள். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது அவள் நாற்பது யாருக்கு அப்பால் நிற்பாள். ஸ்டெஃபி ஓடும்போது நான் தேநீர் குடித்துக்கொண்டே எழுதுவேன். மகள் ஓடும்போது தேநீரை அப்படியே வைத்துவிடுவேன். ஒப்பீட்டை இதோடு முடித்திருக்கலாம். அந்தத் தேநீரைப் பற்றி நான் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் ஸ்டெஃபி எங்கள் வீட்டுக்கு வருவாள். முதல் நாள் மகள் கூட்டிவந்தாள். பிறகு மகள் வராவிட்டாலும் வந்தாள். மனைவி புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைப்பாள். ஸ்டெஃபி குழல் புட்டை உடைக்காமல் முழுதாகத் தட்டில் வாங்கி, சுவருக்குள் ஓடுவதுபோலவே அதற்குள்ளும் போவாள். நல்ல துண்டெல்லாம் அவள் தட்டுக்குப் போகும். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளத்தால் தன் பிள்ளை தானாய் வளரும்" என்று மனைவி சொல்வாள். நானும் ஓம் என்பேன். சிந்துஜா கழுத்து எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

இந்தப் பழமொழியை நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். எந்தப் பந்தியிலும் சொந்தப் பிள்ளைக்குக் கடைசியில்தான் பரிமாறுவோம். மற்றவர்கள் எங்கள் பிள்ளையைப் புகழ்ந்தால், "சும்மா இருங்கோ, அவள் வீட்டில ஒரு வேலை செய்யமாட்டாள்" என்று பிள்ளையின் முன்னாலேயே சொல்வோம். அதை மரியாதை என்று நினைத்தோம். பிள்ளை என்ன நினைத்தது என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

5

இப்போது பிழைக்கு வருகிறேன்.

ஓட்டக்காரி விழுந்த இடம் எப்போதும் கோட்டில் இருக்காது. இரண்டு கோடுகளுக்கு நடுவே பந்து கிடக்கும். ஐந்தா, ஆறா? பெரிய அணிகளுக்குக் கமராவும் ஆளும் இருக்கும். எங்களிடம் நான் இருந்தேன். என் கண் சொன்னதுதான் கணக்கு, கேட்பாரில்லை.

புடவைக்கடையில் முதலாளி முதல் நாளே சொல்லித் தந்தார்: "ஊர்ச் சனத்துக்கு அளக்கேக்க பெருவிரலை நல்லா நீட்டு. உன்ர ஆக்களுக்கு அளக்கேக்க மடக்கு. பாத்துக்கொண்டு நிக்கிறவன் கதைக்கக் கூடாது." என் சொந்த அக்கா பாவாடைத்துணி வாங்க வந்தபோது பெருவிரலை மடக்கித்தான் அளந்தேன். தைத்தபோது பாவாடை கட்டையாகப் போய்விட்டது. அக்கா கோபித்துக்கொண்டாள், முதலாளி முதுகில் தட்டினார்.

கொலோன் மைதானத்தில் அதே பெருவிரல் தன் வேலையைத் தொடர்ந்தது. நடுவே விழுந்தவள் ஸ்டெஃபி என்றால் மேல் எண். சின்னத்தம்பி என்றால் கீழ் எண். யோசித்துச் செய்ததில்லை, ஆனால் தெரிந்துதான் செய்தேன். கடையில் இப்படிக் கூட்டியோ குறைத்தோ அளந்த இடத்தில் இருப்புக் கணக்குக்காக ஒரு புள்ளி வைப்போம். அந்தப் பழக்கத்தில் புத்தகத்திலும் புள்ளி வைத்தேன். திருடன் தன் வீட்டு முகவரியை எழுதி வைத்துவிட்டுப் போனமாதிரி.

நாலாவது வருட முடிவில் மாநிலத் தெரிவு அணிக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் கழகத்திலிருந்து ஒரு ஓட்டக்காரி போதும் என்றார்கள். அங்கே எடுபட்டால் நாட்டு அணிக்குப் போகலாம். சிந்துஜாவின் அறைச் சுவரில் அந்தத் தெரிவு அணியின் பயிற்சி அட்டவணை ஒரு வருடமாக ஒட்டியிருந்தது. இருவரையும் தன்னால் பிரிக்க முடியாது என்றார் யூர்கன். "எண்கள் சொல்லட்டும்." நான் அந்த வருடக் கணக்கைக் கூட்டிக் கொடுத்தேன். ஸ்டெஃபி ஏழு யார் கூட.

அன்று பின்னேரம் நான் மேசையை மடித்துக்கொண்டிருந்தபோது சிந்துஜா வந்தாள். சட்டை முழுக்கச் சேறு. "அப்பா, சரியா எண்ணினீங்களோ?" என்று கேட்டாள். சந்தேகத்தில் கேட்கவில்லை. தபால்கந்தோரில் பொதியை நிறுத்தவரிடம் கேட்பதுபோல, சும்மா உறுதிப்படுத்தக் கேட்டாள்.

ஓம் என்றேன்.

"சரி" என்று போய்விட்டாள். அந்த நிமிடம் கூப்பிட்டிருக்கலாம். யூர்கனிடம் போய், புள்ளிகளைக் காட்டி, இப்படி இப்படி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கணக்கு முடிந்த பிறகு தகப்பன் வந்து மகளுக்குக் கூட்டித் தரச் சொன்னால் எப்படி இருக்கும்? அதை நினைத்தே எனக்கு வெட்கம் வந்தது. மேசையை மடித்து முடித்தேன்.

ஸ்டெஃபி தெரிவு அணிக்குப் போனாள். இரண்டு ஆட்டம் களத்தில் இறங்காமல் வாங்கில் இருந்தாள், ஒரு சிவப்பு ஜாக்கெட்டோடு திரும்பி வந்தாள். அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே ஒரு ஞாயிறு சாப்பிட வந்தாள், அவளிடம் வேறு நல்ல ஜாக்கெட் இருக்கவில்லை. சிந்துஜாதான் அவளுக்குப் பரிமாறினாள். அடுத்த வசந்தம் பயிற்சி தொடங்கியபோது சிந்துஜா தனக்கு இனி நேரமில்லை என்றாள். காஸல் நகரத்தில் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கான படிப்புக் கிடைத்திருக்கிறது, ஒக்டோபரில் போகிறேன் என்றாள். போனாள். மூன்று வருடமாகிறது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை தொலைபேசி. சுகம், வேலை, காலநிலை. வானொலிச் செய்தி மாதிரி அளவாக இருக்கும்.

6

யூர்கனின் கடிதம் வந்த அன்று புத்தகங்களை எடுத்து, கடைசி வருடத்தின் புள்ளிகளை மட்டும் எண்ணினேன். சின்னத்தம்பி, பத்தொன்பது புள்ளி, எல்லாம் வெட்டியது. ஸ்டெஃபி, பதினாலு புள்ளி, எல்லாம் கூட்டியது. ஏழு யாருக்கு இது எவ்வளவு அதிகம் என்று கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டவனுக்கும் விளங்கும். என் பிள்ளைக்கு வெட்டியதில் பாதியைத் திருப்பிக் கொடுத்திருந்தாலே போதும்.

மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"நீங்களோ?"

"ஓம்."

"என்ர பிள்ளைக்கோ?"

"ஓம்."

"நான் இறைச்சித் துண்டிலதான் செய்தனான்" என்றாள். வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். பிறகு, "போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. ரெலிபோனில சொல்லாதேங்கோ" என்றாள்.

மகளை அழைத்து, பார்க்க வருகிறேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "பொறுங்கோ, கலெண்டர் பாக்கிறன்" என்றாள். வியாழன் பன்னிரண்டு பத்திலிருந்து பன்னிரண்டு நாற்பது வரை டெர்மின் தந்தாள், சந்திக்கக் குறித்த நேரம். இந்த நாட்டில் பல் வைத்தியரிலிருந்து வெளிநாட்டவர் கந்தோர் வரை எல்லோரிடமும் நான் டெர்மின் எடுத்திருக்கிறேன். எதற்கும் தாமதமாகப் போனதில்லை. அந்த வியாழன் காஸலுக்குப் பதினொன்றுக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

7

அவள் வேலை செய்யும் சிகிச்சை நிலையத்தின் சிற்றுண்டிச்சாலை. யன்னலோரம் இரண்டு பேருக்கான மேசை. வெள்ளைச் சட்டையில் என் மகள். நெஞ்சில் சின்ன அட்டையில் மறுபடியும் என் அப்பாவின் பெயர். எனக்குச் சூப் வாங்கி வைத்திருந்தாள்.

"சொல்லுங்கோ அப்பா. அம்மாவுக்கு ஏதுமோ?"

"இல்லைப் பிள்ளை. இது விளையாட்டு விஷயம்."

பிளாஸ்டிக் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து விரித்தேன். புள்ளி என்றால் என்ன என்று சொன்னேன். புடவைக்கடை, பெருவிரல், அக்காவின் பாவாடை, எல்லாம் சொன்னேன். அவள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எத்தினை?"

"பத்தொன்பது."

"எல்லாம் எனக்கு வெட்டினதோ?"

"ஓம்."

"அண்டைக்கு நான் உங்களிட்டக் கேட்டனான். சரியா எண்ணினீங்களோ எண்டு."

"ஓம். கேட்டனி."

"நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"ஏன் அப்பா?"

"ஆக்கள் என்ன சொல்லுவினம் பிள்ளை? தன்ர பிள்ளைக்குக் கூட்டி எழுதிப்போட்டான் எண்டு கதைப்பினம்."

"எந்த ஆக்கள்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். யூர்கன் சொல்லமாட்டார். சங்கிலி பிடிக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் சொல்லமாட்டார், அவருக்கு ஆட்டமே விளங்காது. சொசேஜ் விற்கும் அம்மா சொல்லமாட்டாள். அந்த மைதானத்துக்கு வந்த தமிழர் என்று பார்த்தால் நாங்களும், ஒரே ஒருமுறை அந்த மதுரைக்காரரும்தான். நான் எல்லா நாற்காலியிலும் தேடினேன். கதைக்கிற சனம் ஒருவரும் அங்கே இருக்கவில்லை. அவர்களை நான் என்னோடு கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

"அப்பா, அங்க ஒருத்தரும் நான் உங்கட பிள்ளையெண்டு யோசிக்கேல்ல. நீங்கள் மட்டும்தான் யோசிச்சனீங்கள். அதுவும் எனக்கு எதிரா."

சூப்பைப் புத்தகத்திலிருந்து தள்ளி வைத்தேன்.

"நான் காணாது, எனக்குத் திறமை போதாது எண்டு நினைச்சு விளையாட்டை விட்டனான்" என்றாள். "மூண்டு வருசமா அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். வேற ஆரும் சொன்னால் பறவாயில்லை, இது உங்கட கணக்கு. உங்கட கணக்குப் பிழைக்காது எண்டு எனக்குத் தெரியும்."

பக்கத்து மேசையில் ஊன்றுகோல் வைத்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறுபக்கம் திரும்பினார்.

"கோபமோ பிள்ளை?"

"ஓம். கோபம்தான். கொஞ்ச நாளைக்கு இருக்கும்." மருத்துவர் வீக்கத்தைப் பற்றிச் சொல்லும் குரலில் சொன்னாள். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தாள். "இப்ப ஒண்டு சொல்லுங்கோ. புத்தகத்தை மூடுங்கோ. நாலு வருசம் நாங்கள் ரெண்டுபேரும் ஓடேக்க நீங்கள் கண்ணால பாத்தனீங்கள். ஆர்?"

"ஸ்டெஃபியும் நல்ல..."

"அப்பா."

ஐம்பத்தாறு வயதுவரை நான் என் பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒரு சொல் அவள் காதுபடச் சொன்னதில்லை. கண்படும் என்பார்கள், தலைக்கனம் வரும் என்பார்கள், ஏதோ ஒன்று. நாக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பழக்கமில்லை.

"நீ" என்றேன். "நீதான் பிள்ளை. அவள் கிட்டவும் வர ஏலாது."

அவள் முகத்தைத் திருப்பி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். அங்கே வாகனத் தரிப்பிடம் தவிர வேறொன்றுமில்லை.

"அதை எழுதுங்கோ."

"மலரிலயோ? ஆக்கள்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். "எழுதுறன்."

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு எழுந்தாள். முழங்கால் மாற்றிய ஒருவர் காத்திருக்கிறார் என்றாள். கடைசி வருடப் புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "இது என்னட்ட இருக்கட்டும்." சூப்பைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

8

ஸ்டெஃபி இப்போதும் ஞாயிறுகளில் வருவாள். இப்போது சொந்தமாக ஆள் வைத்து ஓடு பதிக்கிறாள். அவளிடமும் சொல்ல வேண்டும் அல்லவா? அவளுக்குக் கொடுத்த யார்களைத் திருப்பி எடுக்கிறேன். ஜெர்மன் மொழியில் சொன்னேன், புட்டு முடியட்டும் என்று காத்திருந்து.

"சிந்திதான்" என்றாள், கறியை வழித்துக்கொண்டு. சிந்துஜாவை அவள் கூப்பிடுவது அப்படித்தான். "இதற்கு என்ன கணக்கு? அணியில் எல்லோருக்கும் தெரியும். நான் அப்போதே யூர்கனிடம் போய், என்னை அனுப்பாதே, அவளை அனுப்பு என்றேன். அவர் உங்கள் தாளை எடுத்துக் காட்டினார். உங்கள் எழுத்து. அதற்கு மேல் நான் என்ன சொல்வது?"

மனைவி அவளுக்கு இன்னொரு குழல் புட்டு வைத்தாள். எனக்கு வைக்கவில்லை.

அரைப் பக்கத்தை எழுத எனக்கு நாலு நாள் எடுத்தது. முதல் வடிவத்தில் புள்ளி, பெருவிரல், யாழ்ப்பாணம் எல்லாம் இருந்தது. மூன்று பக்கம் போனது. இரண்டாவதில் திருத்திய எண்கள் இருந்தன. எண்களைப் பார்த்தபோது எனக்கே சலித்துவிட்டது. கடைசியில் மூன்று வசனம் மிஞ்சியது. அவற்றை அனுப்பினேன்: "இருவரும் பெரிய ஓட்டக்காரிகள். இருவரில் பெரியவள் சிந்துஜா. அவள் என் மகள்."

இரண்டு நாளில் யூர்கனிடமிருந்து பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார். சுருக்கமாக இருப்பது நல்லது, இரண்டு பேரின் படத்தையும் பெரிதாகப் போடலாம் என்றார். ஒரு சின்னத் திருத்தம் மட்டும் கேட்டார். மூன்றாவது வசனம் விளையாட்டோடு சம்பந்தப்பட்டதல்ல, இடமும் நெருக்கடியாக இருக்கிறது, அதை எடுத்துவிடலாமா?

இடம் போதாவிட்டால் முதல் இரண்டையும் எடுங்கள், மூன்றாவதை எடுக்க வேண்டாம் என்று எழுதினேன்.